ஒரு பயறுக்கு ஒரு வண்டு

என் சமையலறையில் பிறந்து வளர்ந்த வண்டுகள் ஒருமுறை ஓர் ஆராய்ச்சி நிலையத்தையே கவிழ்த்துப் போட்டன. கட்டடம், கூரை, வாசல் காவலாளி, அவர் உட்காரும் நாற்காலி எல்லாம் குப்புற விழுந்தன என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அது கொஞ்சம் அதிகம். கூரை இருந்த இடத்தில் இருக்கிறது. காவலாளியும் அதே நாற்காலியில்தான் தூங்குகிறார். கவிழ்ந்தது ஓர் அறை. சரியாகச் சொன்னால் அந்த அறைக்குள் ஓர் அலமாரி. ஆனால் அந்த அலமாரிதான் என் கீழ்வீட்டுக்காரிக்கு உலகம் என்பதால், நான் முதலில் சொன்னது முழுப்பொய் ஆகிவிடாது.

கீழ்வீட்டுக்காரியை எல்லாரும் வண்டக்கா என்பார்கள். அலுவலகத்தில் வைத்த பெயர் தெருவரைக்கும் வந்துவிட்டது. என்னைவிட ஒரு தலைமுறை சின்னவள். நானும் அவளை அக்கா என்றே கூப்பிடுகிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துக் குழந்தைகளைப் பயமுறுத்தியவள் என்பதால் அவளுக்கு நான் டீச்சர். நான் என்ன கதை விட்டாலும் சிரித்துக்கொண்டே கேட்பாள். இப்போதும் என் எதிரில்தான், தட்டில் என் வீட்டுப் பயறைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கை பயறில், காது என் பக்கம்.

அவளுக்கு நான் வாடகைக்கு விட்டிருப்பது ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் அடுப்பு, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். தட்டு ஒன்று, கரண்டி ஒன்று, கோப்பை ஒன்று. குடிவந்த புதிதில் நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, “ஏன்டி, யாராவது வந்தா எதுல உட்கார வைப்பே?” என்று கேட்டேன்.

“கட்டில்ல உட்காரட்டும் டீச்சர்.”

“ரெண்டு பேர் வந்தா?”

“முதல்ல ஒருத்தர் வரட்டும்,” என்றாள்.

யாரும் வரவில்லை. பகலில் அந்தக் கட்டில் விரிப்பு கசங்கி நான் பார்த்ததே இல்லை.

பயறு வகைகளுக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. அங்கே மற்றவர்கள் செடி வளர்ப்பார்கள், மண்ணைச் சலிப்பார்கள், வெயிலைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். இவள் வண்டு வளர்ப்பாள். ஊரெல்லாம் காசு கொடுத்துக் கொல்லும் பூச்சியைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்க்கிறவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

பயறு வண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததாக வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். டப்பாவைத் திறந்ததும் தட்டைப்பயறுக்குள் ஊர்ந்து, தொட்டால் செத்த மாதிரி நடித்து, நாம் ஏமாந்த நேரம் எழுந்து ஓடும் பழுப்பு நிறப் பிராணி. பெண் வண்டு பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும்; சுண்ணாம்புப் பொட்டு மாதிரி இருக்கும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியுலகத்தையே பார்க்காது. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே பயறுக்குள் இறங்கிவிடும். உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, உள்ளேயே உருமாறி, கடைசியில் வட்டமாக ஒரு ஜன்னலை வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். வெளியே வந்தபின் அது சாப்பிட வேண்டியதே இல்லை. ஒருவாய் தண்ணீர்கூடத் தேவையில்லை. சாப்பாட்டுக் கவலை முழுவதையும் சின்ன வயதிலேயே முடித்துக்கொண்ட ஜீவன்.

விவசாயி காயவைத்து மூட்டை கட்டிய பயறு, அடுத்த விதைப்புக்கு அவிழ்க்கும்போது மாவாகக் கொட்டுவது இந்தப் பிராணியால்தான். ஆனால் எல்லாப் பயறும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சில ரகத்தில் புழு உள்ளே போகும், திரும்பி வராது. அப்படிப்பட்ட ரகம் எது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கையில் வண்டு இருக்க வேண்டும், அதுவும் வருஷம் முழுவதும். வண்டக்கா ஒவ்வொரு புது ரகத்திலும் கொஞ்சம் பயறை எடுத்துச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, ஜோடி ஜோடியாக வண்டை உள்ளே விடுவாள். முட்டை வைத்ததும் வண்டை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். ஜன்னல் நிறையத் திறந்தால் அது நோஞ்சான் ரகம். ஒன்றும் திறக்கவில்லை என்றால் அந்தப் பயறுக்குள் ஏதோ சக்தி இருக்கிறது.

வண்டைக் கையால் பிடிக்க மாட்டாள், நசுங்கிவிடும். ரப்பர்க் குழாய் பொருத்திய கண்ணாடிச் சிமிழ் ஒன்று வைத்திருக்கிறாள். குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் வண்டு சிமிழுக்குள் போய் விழும். ஒருநாள் உறிஞ்சும்போது தும்மல் வந்து, அவள் மூக்கிலிருந்து ஏழெட்டு வண்டு பறந்துபோனது என்று தெருவில் நான் பரப்பி வைத்திருக்கிறேன். அது நடக்கவில்லை. குழாய்க்குள் வலை இருக்கிறது. ஆனால் அந்தக் கதை கேட்டபிறகுதான் தெருப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் புண்ணியம் என்னுடையது.

வண்டறையில் அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். வாயில் மெல்லிய துணி, துணிக்கு மேல் ரப்பர் பேண்டு. வண்டுகளுக்குக் கதகதப்பு வேண்டும் என்பதால் ஹீட்டர் ஒன்று எப்போதும் எரியும். லீவு நாளிலும் ஜாடிகளைப் பார்த்தாக வேண்டும். நிலையம் முழுவதும் பூட்டிக் கிடக்க, காவலாளி ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டை விலக்க, நீண்ட வராந்தாவில் இவள் செருப்புச் சத்தம் மட்டும் போகும். ஜாடி நிறைந்துவிட்டால் உள்ளேயிருந்து காகிதம் கசங்குவதுபோல் ஒரு சத்தம் வருமாம். புழு வைத்த பயறு தானாகவே சூடாகவும் செய்யும். குளிர்காலக் காலைகளில் ஒரு ஜாடியை எடுத்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று ஒருமுறை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் பேச்சை மாற்றினாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். அண்ணி நல்லவள்தான், ஆனால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். “பையை உதறிட்டு உள்ள வா. போன தடவை நீ வந்துட்டுப் போனதும் அரிசியில பூச்சி.” அரிசிக்கு வருவது வேறு பூச்சி, பயறு வண்டு அரிசியை ஏறெடுத்தும் பார்க்காது என்று இவள் விளக்குவாள். “எல்லாப் பூச்சிக்கும் நீதான் சொந்தம்,” என்பாள் அண்ணி. எல்லாரும் சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். வாசலில் நின்று பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டுத்தான் உள்ளே போவாள். சாயங்காலமே ஜாடிகளைச் சாக்காகச் சொல்லிக் கிளம்பிவிடுவாள்.

இப்போது செடி டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதுப் பயறு ரகங்களை உண்டாக்குகிற விஞ்ஞானி அவர். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தொட்டு வைத்து, விளைந்ததை விதைத்து, அதில் நல்லதைப் பொறுக்கி, மறுபடியும் விதைத்து என்று தலை நரைத்த மனிதர். வீட்டில் மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று பேச்சுக்குக் குறைவில்லாதவர். ஆனாலும் தினமும் தேநீர் வேளையில் வண்டறைக்கு வந்துவிடுவார். “இந்த நிலையத்துலயே கதகதப்பான இடம் இதுதாம்மா. என் முழங்காலுக்கு இதுதான் வைத்தியம்,” என்பார். அவருக்கென்று பச்சை விளிம்பு போட்ட கோப்பை ஒன்று வண்டறை ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். அவர் போனதும் இவள் அதைக் கழுவித் துடைத்து மறுபடி அங்கேயே கவிழ்ப்பாள்.

பேச்சு என்ன பெரிய பேச்சு? பேரனுக்குப் பல் முளைத்தது, கேன்டீன் தேநீரில் இன்று தண்ணீர் அதிகம், புதுச் செடியில் காய் பிடித்தது. ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். “உங்க வண்டுங்க எப்படிம்மா இருக்கு? சாப்பிட்டாங்களா?” “சாப்பிட்டாச்சு சார்.” “என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?” இதற்கு அவள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு அது ஒரு நாளின் நடுவில் வரும் ஒரு தேநீர். அவளுக்கு அந்த நாளே அதுதான் என்பது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது.

அவர் உண்டாக்கிய ரகங்களில் எட்டாம் நம்பர் என்று ஒன்று. பெரிய பயறு, நடுவில் பொட்டு மாதிரி சிவப்புக் கண், சீக்கிரம் வேகும். வண்டறைக் கிண்ணத்தில் போட்டார்கள். வண்டுகள் முட்டை வைத்தன, புழுக்கள் உள்ளே இறங்கின, அத்தோடு சரி. ஜன்னல் திறக்கவே இல்லை. நம்ப முடியாமல் மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் அதே கதை. செடி டாக்டர் அன்று இரண்டாவது கோப்பைத் தேநீர் கேட்டார். அவர் ஓய்வு பெறுவதற்குள் அந்த ரகத்தை விவசாயிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நிலையமே பரபரத்தது. மருந்து வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், மூட்டையில் கட்டிப் போட்டால் போதும் என்று நோட்டீஸ்கூட அச்சாகிவிட்டது.

“என் வண்டு எல்லாம் தோத்துப் போச்சு டீச்சர்,” என்று வண்டக்கா வந்து சொன்னபோது, பிள்ளை பரீட்சையில் தேறியவள் மாதிரி முகம் இருந்தது.

சோதனைக்குப் போகாமல் மிஞ்சிய எட்டாம் நம்பர் பயறு கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு பிடி வேகவைத்து எனக்கும் கொடுத்தாள். ருசி நன்றாகத்தான் இருந்தது. கையோடு பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நான் என் டின்னிலிருந்து ஒரு கோப்பைப் பயறைக் காகிதப் பையில் போட்டு அதற்குள் வைத்துக் கொடுத்தேன்.

என் டின் பேர் பெற்ற டின். அதற்குள் வண்டு இல்லாத நாளை நான் கண்டதில்லை. கடைக்காரர் கொடுக்கிறாரோ, என் டின்னே சொந்தமாகத் தயாரிக்கிறதோ தெரியாது. ஒருமுறை அந்த வண்டுகள் டின்னைத் தூக்கிக்கொண்டு அடுக்களையைச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். சரி, டின் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நானே நகர்த்தியிருக்கலாம்.

இந்தப் பயறைக் காகிதப் பையோடு அப்படியே எட்டாம் நம்பர் இருந்த டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டாள். வேறு டப்பா அவளிடம் கிடையாது. ஒருத்திக்கு எதற்கு இரண்டு டப்பா? பிறகு மறந்துவிட்டாள். அலுவலகத்தில் அந்த நாட்களில் ஒரே கொண்டாட்டம். வீட்டில் சமைக்க நினைப்பே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் படியேறி வந்தாள். கையில் அந்த டப்பா. முகத்தில் ஈயாடவில்லை.

“டீச்சர், நீங்க கொடுத்த பயறு எந்தக் கடையில வாங்கினது?”

“ஏன், நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு. வண்டுக்கு.”

டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தாள். காகிதப் பை சல்லடையாகி இருந்தது. அது எனக்குப் புதிது இல்லை. அவள் விரலால் விலக்கிக் காட்டியது மற்ற பயறை. பெரிய பயறு, சிவப்புக் கண். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஜன்னல். சிலதில் இரண்டு, மூன்று. அடியில் மாவு. மாவுக்கு மேலே என் வீட்டு வண்டுகள் கல்யாண வீட்டில் நடப்பதுபோல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தன.

“எட்டாம் நம்பரா?” என்றேன்.

தலையாட்டினாள்.

“எட்டாம் நம்பரை எந்த வண்டும் தின்னாதுன்னியே.”

“என் வண்டு தின்னாது டீச்சர்.” டப்பாவை என் பக்கம் தள்ளினாள். “என் வண்டுதான் தின்னாது.”

அன்று என் நாற்காலியில் உட்கார்ந்து அவளே விஷயத்தை உடைத்துச் சொன்னாள். ஜாடியில் வண்டு நெருக்கமாக இருந்தால் ஒரே பயறில் நாலைந்து முட்டை ஒட்டிவிடும். நாலைந்து புழுவும் உள்ளே இறங்கும். இடம் போதாது, தீனி போதாது. முட்டி மோதிச் சில செத்துப்போகும். அது இவளுக்குப் பொறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே, அடுத்த தலைமுறைக்கென்று ஒதுக்கும் பயறையெல்லாம் லென்சுக்கு அடியில் வைத்து, ஊசி முனையால் முட்டைகளைச் சுரண்டிவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் விட்டு வைத்தாள். ஒரு பயறுக்கு ஒரு வண்டு. யாரும் செய்யச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று உட்கார்ந்து செய்த வேலை அது. பயறும் எப்போதும் ஒரே ரகம். வெள்ளையாக, மெத்தென்று, புழுவுக்குப் பிடித்த பழைய ரகம்.

“தனித்தனியா ஒரு வீடு கொடுத்தேன் டீச்சர். நெருக்கடி இல்லாம வளரட்டுமேன்னு.”

“நல்லதுதானே.”

“நெருக்கடியில வளர்ந்தாத்தான் கெட்டிப் பயறைக் கடிக்கும். சோப்ளாங்கியெல்லாம் செத்துப்போகும், மிச்சம் பிழைக்கும். நான் ஒண்ணைக்கூடச் சாக விடலையே. எல்லா சோப்ளாங்கியும் வளர்ந்து, முட்டை வெச்சு, அதோட பிள்ளைங்களும் சோப்ளாங்கி.” டப்பாவை மூடினாள். “எட்டாம் நம்பர் கெட்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் வண்டுக்குத் தெம்பு இல்லை.”

நான் உத்தமி இல்லை. உடனே யோசனை சொன்னேன். “பேசாம இரு. யாருக்கும் தெரியாது. அந்த மனுஷன் சந்தோஷமா ஓய்வு பெறட்டும். அப்புறம் ஊர் வண்டுக்குத் திடீர்னு பல் முளைச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“மூட்டை கட்டி வெச்சவங்க ஒருநாள் திறந்து பார்ப்பாங்களே டீச்சர்.”

“அப்போ சொல்லிடு. ஒரு வார்த்தைதானே.”

“சொல்லிட்டா…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சொல்லிவிட்டால் மறுநாள் தேநீர் வேளைக்கு வண்டறைக் கதவு திறக்குமா என்பதுதான் கேள்வி. வேறு எதுவும் அவளுக்குப் பெரிதாக இல்லை. வேலை போகாது, போனாலும் பிழைத்துக்கொள்வாள். அந்தக் கோப்பைதான்.

ஒருவேளை டப்பாவில் ஏதாவது தப்பு நடந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. என் டின்னிலிருந்து வண்டு பிடித்துக்கொண்டு போனாள். எட்டாம் நம்பர் பயறைக் கிண்ணங்களில் போட்டு, இடது வரிசையில் அவள் வண்டு, வலது வரிசையில் என் வண்டு. செடி டாக்டர் கண்ணில் படாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். அந்த வாரங்களில் அவர் வந்து உட்கார்ந்து நோட்டீஸில் தன் பெயர் சின்ன எழுத்தில் வந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டு தேநீர் குடித்தார். அவர் காலுக்குப் பக்கத்திலேயே, உயரத்தில் ஒரு சாண்கூட இல்லாத தட்டில், அந்தக் கிண்ணங்கள் இருந்தன. நான் தினமும் விசாரிப்பேன். “என் பிள்ளைங்க என்ன பண்றாங்க?” முதலில் “ஒண்ணும் தெரியலை” என்பாள். பிறகு ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் டின்னைப் பார்த்தாள்.

இடது வரிசை சுத்தமாக இருந்தது. வலது வரிசையில் எல்லா ஜன்னலும் திறந்துவிட்டன.

மறுநாள் தேநீர் ஆறும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாளாம்.

“சார், எட்டாம் நம்பர்ல வண்டு வந்துடுச்சு.”

“எந்த வண்டு? உங்க வண்டுக்குத்தான் அதைப் பார்த்தாலே வயித்தால போகுதே.”

அவர் சிரித்து முடிக்கும்வரை இவள் காத்திருந்தாள். பிறகு கீழ்த்தட்டிலிருந்து கிண்ணங்களை எடுத்து முன்னால் வைத்தாள். லென்சைக் கொடுத்தாள். ஊசி முனையால் சுரண்டிய கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் லென்சிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வண்டு எங்க பிடிச்சது?”

“எங்க மாடி வீட்டு டீச்சர் கிச்சன்ல.”

“அவங்களுக்கு விஷயம் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்போ ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான்.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து இவள் சிரித்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. லென்சை மெதுவாக வைத்தார்.

“உங்க வண்டை நம்பித்தானேம்மா, அதுக்குத் தாக்குப்பிடிச்சதுல பெரிசா இருந்ததை வெச்சுக்கிட்டேன், மத்ததைத் தூக்கிப் போட்டேன். இத்தனை வருஷமா.”

“தெரியும் சார்.”

“தூக்கிப் போட்டதுல எது நல்லதோ.”

எழுந்தார். எப்போதும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிற கோப்பையைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். கைக்குட்டையால் துடைத்தார். தன் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கத்தியிருந்தால் தேவலை என்று வண்டக்கா என்னிடம் சொன்னாள். அவர் கோப்பையைத் துடைத்த விதத்தை, விளிம்பைச் சுற்றி இரண்டு முறை, அவள் கையாலேயே செய்து காட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் நிலையத்து விவகாரம். நோட்டீஸ்கள் கட்டோடு கிடங்குக்குப் போயின. நிலையத்தின் பெரியவர் அவளைக் கூப்பிட்டு நாற்காலி காட்டாமல் பேசினார். கடைசியில், மறைக்காமல் சொன்னதற்காக ஒரு நல்ல வார்த்தையும் சொன்னாராம். என் சமையலறை வண்டுகள் முறைப்படி அரசாங்கத்தால் வரவேற்கப்பட்டன. டின்னோடு கார் வைத்து அழைத்துப் போனார்கள் என்று நான் சொல்வது வழக்கம். வண்டக்காவின் பையில் போனது ஓர் ஊறுகாய் பாட்டில். அந்த வண்டுகளை எல்லா ரகத்தின்மேலும் விட்டுப் பார்த்தார்கள். எட்டாம் நம்பர் அம்பேல். பேர் பெற்ற ரகங்கள் பலவும் அம்பேல். செடி டாக்டர் எப்போதோ ஓரம் கட்டியிருந்த ஒரு கறுப்புப் பயறு மட்டும், சுருங்கிப் போய், வேகவைத்தால் கேஸ் சிலிண்டரே தீர்ந்துபோகும் என்று யாரும் சீந்தாத ஒன்று, கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதிலும் வண்டு வந்தது. ஆனால் தாமதமாக, எண்ணிக்கை குறைவாக, இளைத்துப்போய் வந்தது. அதிலிருந்து ஒரு நல்ல ரகத்தை எடுக்க இன்னொரு ஆயுள் வேண்டும். செடி டாக்டருக்கு மிச்சமிருந்தது ஓய்வுக்கு முன்னால் சில வாரங்கள்.

அவளுடைய பழைய வண்டுகள் இனி எதற்கும் உதவாது. ஜாடிகளைக் குளிர்பெட்டியில் வைத்து முடித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். அவளே வைத்தாள். ஒவ்வொரு ஜாடியாக எடுத்து, சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே தள்ளினாள். மறுநாள் அலமாரி காலியாக இருந்தது. ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம். அன்று வீட்டுக்கு வந்து, படியேறாமல், விளக்கும் போடாமல் இருந்தாள். நான் வழக்கம்போல் மேலேயிருந்து கத்தினேன். “வண்டக்கா! இருக்கியா செத்தியா?” “இருக்கேன் டீச்சர்,” என்று குரல் மட்டும் வந்தது.

தேநீர் வேளையில் கதவு திறக்கவில்லை. செடி டாக்டர் கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்து குடித்தார். வராந்தாவில் எதிர்ப்பட்டால், “என்னம்மா,” என்பார். “சார்,” என்பாள். வழியனுப்பு விழாவில் அவள் கடைசி வரிசையில் நின்று கைதட்டினாள். அவர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். எல்லாரும் என்ற சொல்லுக்குள் தன்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று என்னிடம் வந்து கேட்டாள். சேர்த்துக்கொள் என்றேன்; வேறு என்ன சொல்ல?

இந்த இடத்தில் நிறுத்தினால் கதை கேட்கிறவர்கள் என்னை அடிப்பார்கள். நல்லவேளை, இது இங்கே நிற்கவில்லை. ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் பேச ஆயிரம் பேர் இருந்தாலும் கறுப்புப் பயறைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அவர் எங்கள் தெருவைத் தேடி வந்தார். கையில் ஒரு பொட்டலம் கறுப்புப் பயறு. “இதை விட்டுடாதீங்கம்மா,” என்றார். தோள்பையிலிருந்து பச்சை விளிம்புக் கோப்பையை எடுத்து அவள் ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து தினமும் தேநீர் வேளைக்கு அவர் குடை தெருமுனையில் தெரியும். என் பால்கனியிலிருந்து நானே பார்க்கிறேன். ஒற்றை நாற்காலி இருந்த அறையில் இப்போது இரண்டு. கட்டில் விரிப்பு பகலில் கசங்குகிறது. என் வண்டுகளைப் பற்றி அங்கே பேசிப் பேசிச் சிரிக்கிற சத்தத்தில் எனக்கு மத்தியானத் தூக்கமே போய்விட்டது.

எதிரில் தட்டில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. வண்டக்கா ஓட்டை விழுந்த பயறு ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள்.

“வண்டைப் பத்திச் சொன்னதெல்லாம் சரியா இருக்கு டீச்சர்,” என்றாள். “அவர் வந்தது ஒரே ஒரு தடவை. வாசல்லயே நின்னு பயறைக் கொடுத்துட்டுப் போயிட்டாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. நாற்காலி நீங்க இறக்கிப் போட்டது. கோப்பை நான் வாங்கினது. பச்சை விளிம்பு கிடைக்கலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து பாருங்க, அது நீலம்.”